நீலப் புள்ளி அந்துப்பூச்சி குறித்தும், வெள்ளிக்கிழமை எரிக்கப்பட இருக்கும் ஆறு கத்திரி வயல்கள் குறித்தும்

அனுப்புநர்
பொறிக் கணக்கெடுப்பாளர் (பெண், வயது 26),
கால்வாய்க் கரைக் காய்கறி விவசாயிகள் குழு,
பம்பு அறைக்குப் பின்வீடு,
கால்வாய்த் தெரு.

பெறுநர்
உதவி இயக்குநர் அவர்கள்,
தோட்டக்கலை அலுவலகம்,
இரண்டாம் மாடி.

பொருள்: கத்திரி வயல்களில் புதுவகைப் பூச்சி பரவியதாகக் கருதிப் பிறப்பிக்கப்பட்ட ஆணை – உண்மை நிலையைத் தெரிவித்தல் – செடிகளைப் பிடுங்கி எரிப்பதை நிறுத்திவைத்து, தாங்களே நேரில் ஆய்வு செய்யக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: 1. தங்கள் அலுவலக அவசர ஆணை, நாள் 9.
2. களப்பணியாளரின் அறிக்கை, நாள் 6.
3. எனது வாராந்தரக் கணக்குப் பதிவேடு, பக்கம் 31 முதல் 38 வரை.

மதிப்பிற்குரிய ஐயா,

1. வரும் வெள்ளிக்கிழமை, 16ஆம் தேதி காலை பத்து மணிக்கு, கால்வாய்க் கரையில் உள்ள ஆறு கத்திரி வயல்களின் செடிகளை வேரோடு பிடுங்கி அங்கேயே எரிக்கும்படி தங்கள் அலுவலகம் ஆணையிட்டுள்ளது. சிறகில் நீலப் புள்ளி உடைய, இப்பகுதியில் இதுவரை காணப்படாத ஓர் அந்துப்பூச்சி அங்கே பரவிவிட்டது என்று ஆணையில் காரணம் சொல்லப்பட்டிருக்கிறது. அப்படி ஓர் அந்துப்பூச்சி இல்லை. அந்த நீலப் புள்ளிகளை வைத்தது நான். ஒவ்வொன்றையும் என் கையால், மூட்டைகளில் பெயர் எழுதும் மார்க்கர் பேனாவால் வைத்தேன். ஏன் வைத்தேன் என்பதையும், தாங்கள் அரை மணி நேரத்தில் அதைச் சரிபார்த்துக்கொள்ளும் வழியையும் கீழே எழுதுகிறேன்.

2. இரண்டு ஆண்டுகளாக, விவசாயிகள் குழுவின் சார்பிலும் தங்கள் அலுவலகத்தின் ஒப்புதலோடும், கால்வாய்க் கரையின் பன்னிரண்டு பொறிகளையும் அவற்றைச் சுற்றியுள்ள நாற்பத்தோரு வயல்களையும் நான் பார்த்துவருகிறேன். சனிக்கிழமைதோறும் காலை ஆறு மணிக்குத் தொடங்கி வெயில் ஏறுவதற்குள் முடித்துவிடுவேன். பொறி என்பது கூடாரம்போல மடித்த ஒரு பிளாஸ்டிக் தகடு. அதன் கூரையிலிருந்து, கத்திரியின் குருத்தையும் காயையும் துளைக்கும் கத்திரிப் பூச்சியின் பெண் வாசனை ஏற்றிய சிறு ரப்பர் மூடி தொங்கும். அடியில் பசை தடவிய வெள்ளை அட்டை இருக்கும். பெண் இருக்கிறது என்று நம்பி வரும் ஆண் பூச்சிகள் அட்டையில் ஒட்டிக்கொள்ளும். வாரத்துக்குப் பதினைந்துக்கு மேல் ஒட்டினால் தங்கள் அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். அதற்குக் குறைவாக இருக்கும்வரை மருந்து தெளிக்க வேண்டியதில்லை. இது தங்கள் சுற்றறிக்கையிலேயே உள்ள ஏற்பாடு.

பொறியை மட்டும் நம்பி நான் வீடு திரும்புவதில்லை. ஒவ்வொரு வயலிலும் ஐந்து இடங்களில் ஐந்தைந்து செடிகளாக, இருபத்தைந்து செடிகளின் குருத்தைப் பார்ப்பேன். தண்ணீர் இருந்தும் ஒரு குருத்து மட்டும் தலை சாய்ந்திருந்தால், அதைக் கிள்ளி நகத்தால் பிளப்பேன். உள்ளே வெளிர்ச்சிவப்பில் ஒரு புழு இருக்கும், அல்லது அது தின்றுவிட்டுப் போன சுவடு இருக்கும். இரண்டையும் தனித்தனியே எழுதுவேன். இந்த இரண்டு ஆண்டுகளில் கால்வாய்க் கரையில் மருந்து தெளித்த தடவைகள் பதினொன்றிலிருந்து மூன்றாகக் குறைந்திருக்கின்றன. ஆண்டறிக்கையில் தாங்களே இதைப் பாராட்டிக் குறிப்பிட்டிருந்தீர்கள். அந்தப் பாராட்டு வயலில் குனிந்து நிமிர்ந்த நாற்பத்தோரு குடும்பத்தாருக்கும் உரியது.

3. அட்டையை மாதம் ஒருமுறை மாற்ற வேண்டும். கடந்த இரண்டு மாதங்களாகப் புது அட்டை வரவில்லை. இரண்டு முறை எழுத்துமூலம் கேட்டேன். "கொள்முதல் நடவடிக்கையில் உள்ளது" என்று இரண்டு முறையும் பதில் வந்தது. குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. புள்ளிகள் பிறந்த இடம் இதுவே என்பதால் எழுத வேண்டியிருக்கிறது.

அட்டை பழையதானால் போன வாரப் பூச்சியும் இந்த வாரப் பூச்சியும் ஒன்றாகக் கிடக்கும். பழையதைப் பிய்த்து எடுத்தால் பசையும் சேர்ந்து வரும்; பாதிச் சிறகு அட்டையிலேயே தங்கும்; அடுத்த வாரம் அந்தப் பாதிச் சிறகு ஒரு பூச்சியாகக் கணக்கில் ஏறும். ஆகவே பூச்சி இல்லாத இடங்களில் விளக்கெண்ணெயும் கிரீசும் கலந்து தடவி அட்டையைப் புதுப்பித்தேன். எண்ணி முடித்த ஒவ்வொரு பூச்சியின் இடது முன்சிறகிலும் ஒரு நீலப் புள்ளி வைத்தேன். கத்திரிப் பூச்சியின் சிறகு வெள்ளை என்பதால் நீலம் நன்றாகத் தெரியும். மறுவாரம் புள்ளி இல்லாதவற்றை மட்டும் எண்ணுவேன். எண்ணியதும் அவற்றுக்கும் புள்ளி வைப்பேன். எட்டு வாரம் இப்படியே போயிற்று. ஒரு பூச்சிகூட இரண்டு முறை கணக்கில் ஏறவில்லை.

4. போன மாதம் 28ஆம் தேதி, திங்கட்கிழமை, பதிவேட்டுக்குத் தங்கள் அலுவலகத்தில் முத்திரை பெற்றுத் திரும்பும் வழியில், வாய்க்காலின் மேல் போட்ட பலகையில் வழுக்கி விழுந்தேன். வலது கணுக்கால் வீங்கிவிட்டது. இரண்டு வாரம் காலை ஊன்றக் கூடாது என்று மருத்துவர் சொன்னார். எனக்குப் பதிலாகக் களப்பணியாளரைத் தங்கள் அலுவலகம் அனுப்பியது. 30ஆம் தேதி அவர் என் வீட்டுக்கு வந்து பையை வாங்கிக்கொண்டார். பையில் பதிவேடும், பூதக்கண்ணாடியும், இடுக்கியும், மார்க்கர் பேனாவும் இருந்தன.

அன்று நான் சொல்ல வேண்டியது ஒரே ஒரு வாக்கியம். அதைச் சொல்ல வாயெடுத்தேன். அவரோ வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல், "பூச்சிய எண்ணத்தானேம்மா போறேன், என்ன பெரிய பரீட்சையா? நீ காலப் பாரு" என்று அன்பாகவே சொல்லிவிட்டுக் கிளம்பினார். வயதிலும் பணியிலும் மூத்தவர். அவரைத் திரும்பக் கூப்பிட்டுப் பாடம் சொல்ல எனக்குத் தயக்கமாக இருந்தது. எட்டு வாரமாகப் புள்ளி வைத்தவள், அதைப் பற்றிப் பதிவேட்டில் ஒரு வரிகூட எழுதியிருக்கவில்லை. எனக்கு மட்டும் தெரிந்தால் போதும் என்று இருந்துவிட்டேன். இந்த மனுவுக்குக் காரணமான பிழை இதுதான், அது என்னுடையது.

5. 6ஆம் தேதி, செவ்வாய்க்கிழமை, களப்பணியாளர் ஏழாம் பொறியைத் திறந்தார். பாதையை ஒட்டி இருப்பதால் எவரும் முதலில் அங்கேதான் போவார்கள். அதில் வெறும் வெள்ளைச் சிறகோடு ஒன்பது பூச்சிகளையும், நீலப் புள்ளியோடு அறுபத்திரண்டு பூச்சிகளையும் கண்டார். உடனே கைபேசியில் படம் எடுத்துத் தங்கள் அலுவலகத்துக்கு அனுப்பினார். அவர் கண்டது உண்மை, எழுதியதும் உண்மை. எண்ணிக்கையில் ஒன்றுகூடக் கூட்டவோ குறைக்கவோ இல்லை. அந்தக் கவனத்தை நான் மதிக்கிறேன்.

8ஆம் தேதி மூவர் குழு ஒன்று ஜீப்பில் வந்தது. ஏழாம் பொறியின் அட்டையை உருவிப் பாலித்தீன் உறையில் போட்டார்கள். பிறகு எட்டாம் பொறியையும் திறந்தார்கள். அதிலும் நீலம் இருந்தது. "பரவல் உறுதி" என்று குறிப்பு எழுதி, அந்தப் பொறிக்குச் சிவப்புத் துணி கட்டி, யாரும் தொடக் கூடாது என்று சொல்லிவிட்டுப் புறப்பட்டார்கள். மீதிப் பத்துப் பொறிகளையும் அன்று திறந்திருந்தால் பத்திலும் நீலம் இருந்திருக்கும். ஏனெனில் பன்னிரண்டிலும் புள்ளி வைத்தவள் ஒருத்தியே.

எட்டாம் பொறி நிற்பது என் சின்னம்மாவின் வயல் வரப்பில். குழுவில் ஒருவர் அவரிடம், "இது எங்கருந்து வாங்கின நாத்தும்மா?" என்று அதட்டலாகக் கேட்டிருக்கிறார். "உங்க ஆபீஸ்ல எழுதிக் குடுத்த நாத்துப்பண்ணைலதான் சார். சீட்டு இருக்கு, எடுத்தாரவா?" என்று சின்னம்மா கேட்டதற்குப் பிறகு வேறு கேள்வி வரவில்லை என்று அறிகிறேன்.

6. ஆணையின் நகல் 10ஆம் தேதி சனிக்கிழமை வீட்டுக்கு வந்தது. சின்னம்மாவுக்குக் கண்ணாடி கைக்கு எட்டவில்லை என்று நான்தான் வாசித்துக் காட்டினேன். அதுவரை புதுப் பூச்சி ஏதோ வந்திருப்பதாக மட்டுமே எங்களுக்குத் தெரியும். அதன் அடையாளத்தை யாரும் சொல்லியிருக்கவில்லை. மூன்றாவது வரியில் "முன்சிறகில் நீலப் புள்ளி" என்ற இடம் வந்ததும் என்னால் மேலே படிக்க முடியவில்லை. "ஏன்டி நிறுத்திட்ட? படி" என்றார் சின்னம்மா. படித்தேன். பிடுங்குதல், எரித்தல், தேதி, நேரம் எல்லாவற்றையும் படித்து முடித்துவிட்டுப் புள்ளியைப் பற்றிச் சொன்னேன். சின்னம்மா, "பூச்சிக்குப் பொட்டு வெச்சது நீ. தீ வைக்கப் போறது அவங்க. நடுவுல என் கத்திரிச்செடி என்னடி பண்ணுச்சு?" என்று கேட்டார். அந்தக் கேள்வியைத் தங்கள் பார்வைக்கு வைக்கிறேன்.

சின்னம்மாவின் நிலையைத் தாங்கள் அறிய வேண்டும். பதினாறு ஆண்டுகள் பிறர் வயல்களில் காய் பறித்தவர் அவர். இந்தப் பருவத்தில்தான் முதன்முறையாக ஒரு வயலைத் தம் பெயரில் குத்தகைக்கு எடுத்து, தாமே வரப்பு வெட்டி, தாமே நட்டார். செடிகளுக்கு இன்று எழுபத்து நான்கு நாள். மூன்று பறிப்பு முடிந்து நான்காவது பறிப்புக்குக் காய் தொங்குகிறது. ஆணை வந்ததிலிருந்து பறிக்கத் தடை. காய்கள் முற்றி மஞ்சள் ஏறத் தொடங்கிவிட்டன. அவர் வழக்கம்போலக் காலையில் கூடையோடு வயலுக்குப் போகிறார். வெறும் கூடையோடு திரும்புகிறார்.

அந்த இரண்டு பொறிகளைச் சுற்றியுள்ள மற்ற ஐந்து வயல்காரர்களின் நிலையும் இதுவே. ஆணையில் பெயர் இல்லாத வயல்களையும் சந்தையில் ஒதுக்கத் தொடங்கிவிட்டார்கள். மொத்த வியாபாரி ஒருவர் எங்கள் பக்கத்து வெண்டைக்காயைக்கூட வாங்க மறுத்து, "வேணாம்க்கா, தொட்டா கையெல்லாம் நீலமாயிடுமாம்" என்று சொன்னதாக அறிகிறேன். வெண்டைக்கும் இந்தப் பூச்சிக்கும் எந்த உறவும் இல்லை. வதந்தி செடி பார்த்துப் பரவுவதில்லை.

7. என் சொல்லை மட்டும் நம்பும்படி தங்களைக் கேட்கவில்லை. சான்றுகள் தங்கள் அலுவலக அலமாரியிலேயே இருக்கின்றன.

அ) ஏழாம் பொறியில் நான் எட்டு வாரங்கள் எழுதிய எண்ணிக்கை: 6, 9, 7, 11, 8, 6, 5, 10. கூட்டினால் அறுபத்திரண்டு. களப்பணியாளர் கண்ட நீலப் புள்ளிப் பூச்சிகளும் அறுபத்திரண்டு. பதிவேடு அந்த எட்டு வாரமும் ஒவ்வொரு திங்கட்கிழமையும் தங்கள் அலுவலகத்தில் முத்திரை பெற்றிருக்கிறது. எனவே இந்த எண்களை இப்போது நான் மாற்றி எழுதியிருக்க முடியாது.

ஆ) பொறியில் உள்ள வாசனை கத்திரிப் பூச்சியின் ஆண்களை மட்டுமே அழைக்கும். புது இனம் ஒன்று வந்திருந்தாலும், அது வேறோர் இனத்துப் பெண்ணைத் தேடிக் கூட்டமாக வந்து விழுந்திருக்க வேண்டிய அவசியம் இல்லை.

இ) இது எல்லாவற்றிலும் எளியது. தங்களிடம் உள்ள படத்தைச் சற்றுப் பெரிதாக்கிப் பாருங்கள். அத்தனை பூச்சிகளிலும் புள்ளி இடது சிறகில் மட்டுமே இருக்கும். வலது சிறகு வெறுமையாக இருக்கும். நூலகத்தில் கிடைத்த பூச்சி நூல்கள் அனைத்தையும் புரட்டிவிட்டேன். ஒரு சிறகில் மட்டும் அடையாளம் உடைய அந்துப்பூச்சி எந்தப் பக்கத்திலும் இல்லை. இயற்கை செய்திருந்தால் இரண்டு பக்கமும் செய்திருக்கும். வலது கையில் பேனா பிடித்து அவசரமாக வேலை பார்க்கும் ஒருத்திக்குத்தான் ஒரு பக்கம் போதும் என்று தோன்றும்.

ஈ) ஊசி போடுமுன் தேய்க்கும் ஸ்பிரிட்டைப் பஞ்சில் தொட்டு அந்தச் சிறகில் ஒற்றினால், நீலம் பஞ்சுக்கு வந்துவிடும்.

8. இவற்றையெல்லாம் நேரில் சொல்லவே 12ஆம் தேதி திங்கட்கிழமை, கைத்தடியோடு இரண்டு மாடி ஏறித் தங்கள் அலுவலகத்துக்கு வந்தேன். தாங்கள் தலைமையகக் கூட்டத்துக்குச் சென்றிருந்தீர்கள். தபால் பிரிவு எழுத்தர் என்னை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்து, முழுவதையும் கேட்டார். கேட்டு முடித்ததும் சிரிப்பை அடக்க முடியாமல் சற்று நேரம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு வருத்தத்தோடு, "ஆணையில கையெழுத்து ஆயிடுச்சேம்மா. நீ வாயால சொன்னா அதுக்கு நான் எங்க நம்பர் போடறது? எழுதிக் குடு, உன் கண்ணு முன்னாலயே சீல் குத்தறேன்" என்றார். அவர் சொன்னபடியே எழுதுகிறேன்.

ஏழாம் பொறியின் அட்டை இருக்கும் இரும்பு அலமாரியின் சாவி தங்களிடம் உள்ளதாகவும், மாதிரி இன்னும் ஆய்வகத்துக்குப் போகவில்லை என்றும் அவர் தெரிவித்தார். ஆய்வக முடிவு வரச் சில வாரங்கள் ஆகலாம் என்றும் சொன்னார். செடிகளுக்கு இரண்டு நாள்தான் இருக்கிறது.

9. நேற்று, 13ஆம் தேதி மாலை, களப்பணியாளர் என் வேண்டுகோளை ஏற்று, பதிவேடும் பேனாவும் உள்ள பையோடு வீட்டுக்கு வந்தார். இம்முறை செருப்பைக் கழற்றினார். சின்னம்மா நாற்காலி போட்டும் உட்காரவில்லை. "நான் இல்லாதத எழுதலம்மா. நீலம் இருந்துச்சு, எழுதினேன்" என்றார். "இருந்ததுதான் அண்ணா. நான்தான் வெச்சேன்" என்றேன். தடை விதிக்கப்படாத மூன்றாம் பொறியின் அட்டையை அவர் முன் வைத்தேன். பஞ்சையும் ஸ்பிரிட்டையும் அவரிடமே கொடுத்தேன். முதல் பூச்சியின் சிறகை ஒற்றினார். பஞ்சைப் பார்த்தார். என்னைக் கேட்காமலே இரண்டாவதை ஒற்றினார். ஐந்தாவதற்குப் பிறகு பஞ்சை மேசையில் வைத்துவிட்டு, "அன்னைக்குப் பையக் குடுக்கறப்ப வாயில என்னம்மா வெச்சிருந்த?" என்று கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் அடுப்படியிலிருந்து சின்னம்மா, "அவ வாயத் தெறக்கணும்னா ஊரே எரியணும் தம்பி" என்றார். அதன்பிறகுதான் அவர் நாற்காலியில் உட்கார்ந்தார்.

தம்மீது நடவடிக்கை வருமோ என்ற அச்சம் அவருக்கு இருக்கிறது. இரண்டு பெண்பிள்ளைகளைப் படிக்கவைப்பவர். ஐயா, தமக்குக் கொடுக்கப்பட்ட அட்டையில் கண்டதை அவர் அன்றைக்கே எழுதினார். காணாததைக் கண்டதாக எழுதியிருந்தால் குற்றம். கண்டும் எழுதாமல் விட்டிருந்தால் அது அதைவிடப் பெரிய குற்றம். இரண்டையும் அவர் செய்யவில்லை. நாளைக்கு மெய்யாகவே ஒரு புதுப் பூச்சி வந்தால், அன்றும் இதே வேகத்தில் எழுதும் ஒருவர் நமக்கு வேண்டும். எனவே இந்தப் பிழைக்கு விளக்கம் கேட்பதாயின் என்னிடம் கேட்கும்படி வேண்டுகிறேன்.

10. வயலில் பூச்சியே இல்லை என்று நான் சொல்லவில்லை. எங்களுக்கு நன்கு பழக்கமான கத்திரிப் பூச்சி இருக்கிறது. பத்து நாளில் ஒன்பது விழுந்திருப்பது எல்லைக்குள்தான் இருக்கிறது. ஆனால் காய்ப்புப் பருவம் என்பதால் இனி ஏறக்கூடும். அதற்கு என்ன செய்ய வேண்டும் என்பதும் எங்களுக்குத் தெரியும். வாடிய குருத்துகளை வாரம் இருமுறை கிள்ளி, வரப்பில் வீசாமல், மூடியுள்ள வாளியில் போட்டு அழிக்க வேண்டும். துளை விழுந்த காயைச் செடியிலேயே விடாமல் பறித்து அதே வாளியில் சேர்க்க வேண்டும். முட்டையைத் தாக்கும் சிறு குளவிகள் ஒட்டிய அட்டைகளைத் தங்கள் அலுவலகம் முன்பு கொடுத்துவந்தது. அவற்றை இந்த மாதம் மீண்டும் கொடுத்தால் இலையின் அடியில் கட்டுவோம். இவ்வளவும் செய்து எண்ணிக்கை பதினைந்தைத் தாண்டினால், தெளிப்பு வேண்டும் என்று முதலில் எழுதிக் கேட்பவள் நானாகவே இருப்பேன்.

செடிகளை எரித்தால் என்ன ஆகும் என்பதையும் பணிவோடு சொல்ல வேண்டும். பிடுங்கும்போது சிறகுள்ள பூச்சி பறந்து அடுத்த வயலுக்குப் போகும். பறக்க முடியாத புழுவும், அதைத் தின்னும் சிலந்தியும், பொறிவண்டின் குஞ்சும் ஒன்றாக எரியும். மிச்சமிருக்கும் முப்பத்தைந்து வயல்களுக்குப் பூச்சி மட்டும் போய்ச் சேரும். அதன் பகை போய்ச் சேராது. இரண்டு ஆண்டுகளாகக் குறைத்ததை ஒரே காலையில் திரும்பக் கூட்டிக்கொள்வதாக அது முடியும்.

11. ஆகவே தங்களைக் கேட்டுக்கொள்வது:

பார்வை ஒன்றில் கண்ட ஆணையைக் குறைந்தது ஏழு நாட்களுக்கு நிறுத்திவைக்க வேண்டும். அலமாரியில் உள்ள ஏழாம் பொறியின் அட்டையைத் தாங்களே திறந்து, தங்கள் கையாலேயே ஒரு சிறகைத் துடைத்துப் பார்க்க வேண்டும். புள்ளி போகவில்லை என்றால் இந்த மனுவைக் கிழித்துவிடலாம். நான் மறுப்புச் சொல்ல மாட்டேன். போய்விட்டால், பறிப்புத் தடையை அன்றைக்கே நீக்கி, இப்பகுதியில் புதுப் பூச்சி இல்லை என்று சந்தையின் அறிவிப்புப் பலகையில் தங்கள் கையொப்பத்தோடு ஒட்டச் செய்ய வேண்டும். வாய்வழி மறுப்பு வதந்தியைத் துரத்திப் பிடிக்காது.

அட்டைகளை மாதந்தோறும் அனுப்ப ஆவன செய்ய வேண்டும். அதுவரை புள்ளி வைக்கும் முறை தொடர வேண்டியிருப்பதால், அந்த விதியைப் பதிவேட்டின் முதல் பக்கத்தில் எழுதியிருக்கிறேன். எல்லாப் பொறிகளின் வெளிப்புறத்திலும் நேற்றே எழுதி ஒட்டிவிட்டேன். தடையுள்ள எட்டாம் பொறியை மட்டும் தொடவில்லை.

12. வெள்ளிக்கிழமை காலை ஏழு மணியிலிருந்து ஏழாம் பொறி அருகே பதிவேட்டோடு இருப்பேன். கால் பெரும்பாலும் தேறிவிட்டது. தாங்கள் வர இயலாவிட்டால், தாங்கள் நம்பும் ஒருவரை அனுப்பினாலும் போதும். அரை மணி நேரம், ஒரு பஞ்சு, கொஞ்சம் ஸ்பிரிட், வேறெதுவும் தேவையில்லை.

செடி பிடுங்குவதற்காகத் தங்கள் அலுவலகம் ஏற்பாடு செய்த எட்டு ஆட்களைத் திருப்பி அனுப்ப வேண்டாம் என்று சின்னம்மா சொல்லச் சொன்னார். ஆறு வயல்களிலும் ஒரு வாரமாகக் குருத்துக் கிள்ளவில்லை, துளைக்காய் ஒதுக்கவில்லை, பறிப்பும் நிற்கிறது. பத்து மணிக்கு அவர்கள் வரட்டும். எட்டுப் பேருக்கும் கத்தரிக்கோலும் மூடி போட்ட வாளியும் எடுத்து வைத்திருக்கிறார். வேலை காட்ட அவரே நிற்பார்.

தங்கள் ஆணையை எதிர்நோக்கும்,

(ஒப்பம்)
பொறிக் கணக்கெடுப்பாளர்

இடம்: கால்வாய்த் தெரு
நாள்: 14, புதன்கிழமை

இணைப்பு: பதிவேட்டின் எட்டுப் பக்க நகல், மூன்றாம் பொறியின் அட்டை, ஐந்து பூச்சிகள் துடைக்கப்பட்ட நிலையில், நீலம் ஏறிய பஞ்சு, உறையில், மார்க்கர் பேனா ஒன்று.

மேலே ஒன்பதாம் பத்தியில் எழுதியிருப்பது நடந்தது. ஐந்து சிறகுகளையும் துடைத்தது நான். எனது 6ஆம் தேதி அறிக்கையைத் திருத்தி எழுதித் தர அனுமதி வேண்டுகிறேன். வெள்ளிக்கிழமை காலை நானும் ஏழாம் பொறியில் இருப்பேன்.

(ஒப்பம்)
களப்பணியாளர்
14, புதன், காலை 8.40